ஊரை விட்டுப் போவது யார் முடிவு? ஆணும் பெண்ணும் நகரத்துக்குப் பெயர்வதற்கான காரணங்கள்

"ஊர்ல இப்ப யாரு இருக்கா? எல்லாம் பட்டணத்துக்குப் போயிருச்சுக. கிழடுகட்டைதான் மிச்சம்." எந்த ஊர் டீக்கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வயலில் இறங்க இளவட்டங்களுக்கு மனசில்லை, டவுன் மோகம், பொம்பளப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள், நூறு நாள் வேலை வந்து விவசாயத்தைக் கெடுத்துவிட்டது. கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் யோசித்தாலே இடிக்கும். ஊரிலேயே கூலி தருகிற திட்டம் ஆளை ஊரில் நிறுத்துமா, ஊரை விட்டு அனுப்புமா?

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசப்படுவதால், போகிறவர்கள் மீது பழி விழுகிறது. உண்மையில் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பெரும்பாலும் ஒரு ஆள் தனியாகப் போடுவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுபோலவும் இல்லை. பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

## யார், எங்கிருந்து எங்கே?

ஒருவர் வழக்கமாக வசிக்கும் ஊரை விட்டு வேறொரு ஊருக்குப் போய் வசிப்பதுதான் இடப்பெயர்வு. காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புவது இதில் சேராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 45 கோடிப் பேருக்கு மேல் இடம் பெயர்ந்தவர்கள். அப்படியென்றால் அத்தனை பேரும் நகரத்துக்கு வந்தவர்கள் என்று தோன்றும். அப்படியில்லை. இதில் மிகப் பெரிய பங்கு ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போனது. அதில் பெரும்பாலோர் பெண்கள், வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள்.

அதேபோல், நகரம் பெருத்தால் அதற்குக் காரணம் வந்தேறிய கூட்டம்தான் என்பதும் பாதி உண்மைகூட இல்லை. நகர மக்கள்தொகை மூன்று வழியில் கூடும். நகரத்திலேயே பிள்ளைகள் பிறப்பது ஒன்று. வெளியூரிலிருந்து ஆட்கள் வருவது ஒன்று. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை: இருந்த இடத்திலேயே கிராமம் நகரமாகிவிடுவது. 5,000 பேராவது வசித்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேராவது விவசாயம் அல்லாத வேலை பார்த்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்தால், அது பஞ்சாயத்தாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் நகரம்தான். இப்படிப்பட்ட ஊர்கள் 2001இல் 1,362. 2011இல் 3,894. அந்த ஊர்க்காரர்கள் எங்கும் போகவில்லை. நகரம்தான் அவர்களைத் தேடி வந்தது. 2011இல் தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள் என்று படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## தள்ளுவதும் இழுப்பதும்

பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்த விளக்கம் ஒன்று உண்டு. ஊரில் இருக்கவிடாமல் செய்பவை உந்து காரணங்கள். நகரத்தில் நம்மைக் கூப்பிடுபவை ஈர்ப்புக் காரணங்கள்.

உந்து காரணங்களுக்கு நம்மூரில் பஞ்சமே இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதை இரண்டு மகன்கள் பங்கு பிரித்தால் என்ன மிஞ்சும்? நிலமே இல்லாதவர்கள் இந்தச் சராசரிக்குள் வருவதுகூட இல்லை. நெல் அறுவடைக்கு எந்திரம் வந்த பிறகு, முன்பு ஊரே இறங்கி நாள்கணக்கில் அறுத்த வயலைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அறுப்பும் கதிரடிப்பும் தந்த நாள்கூலி அப்படியே போனது. மழை பொய்த்த வருஷங்களில் இருக்கிற வேலையும் இல்லை.

ஈர்ப்புக் காரணம் என்றால் கூலி வித்தியாசம். ஆனால் கூலியை மட்டும் பார்த்து யாரும் மூட்டை கட்டுவதில்லை. வேலை எத்தனை நாள் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கூலியை வேலை கிடைக்கும் வாய்ப்போடு பெருக்கி வருவதை எதிர்பார்ப்பு வருமானம் என்பார்கள். ஜான் ஹாரிஸ், மைக்கேல் டோடாரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1970இல் இதை எழுதினார்கள். நகரத்தில் வேலையில்லாதவர்கள் ஏராளமாக இருக்கும்போதும் மேலும் மேலும் ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்ற புதிருக்கு அது விடை சொன்னது. வாய்ப்புக் குறைவாக இருந்தாலும் கூலி போதுமான அளவு அதிகமாக இருந்தால் கணக்கு நகரத்தின் பக்கமே சாயும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிந்துகொள்வதற்காக நானே எடுத்துக்கொண்டவை. ஊரில் ஒரு ஆணுக்குக் கூலி 500 ரூபாய், மாதத்தில் 10 நாள் வேலை. கைக்கு வருவது 5,000. சென்னையில் கட்டட வேலைக்கு 800 ரூபாய், 18 நாள் வேலை. 14,400 வருகிறது. வாடகைப் பங்கும் சாப்பாடும் 6,000 போனால் மிச்சம் 8,400. போகலாம்.

இதே கணக்கை ஒரு பெண்ணுக்குப் போடுங்கள். ஊரில் களையெடுப்பும் நாற்று நடவுமாக 12 நாள், கூலி 350. மொத்தம் 4,200. சென்னையில் சித்தாள் வேலைக்கு ஆணுக்குத் தருவதைத் தரமாட்டார்கள். 550 என்று வைத்தால் 18 நாளுக்கு 9,900. அதே 6,000 செலவு போக மிச்சம் 3,900. ஊரில் கிடைத்ததைவிடக் குறைவு! அவர் தனியாகப் போனால் நஷ்டம். கணவரோடு போய், ஒரே அறைக்கு வாடகை கொடுத்து, ஒரே அடுப்பில் பொங்கினால்தான் கட்டுப்படியாகிறது. பெண்கள் தனியாகக் கிளம்பாததற்கு அச்சமும் மானமும்தான் காரணம் என்று பேசுகிறோம். கூலியில் இருக்கும் ஓரவஞ்சனையே பாதிக் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால்: ஊர் தள்ளுகிறது, நகரம் இழுக்கிறது. போவதா இருப்பதா என்பதைத் தீர்மானிப்பது கூலியும் அது கிடைக்கும் வாய்ப்பும் சேர்ந்த தொகை. அந்தத் தொகை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

## ஏன் ஒருவர் போய் ஒருவர் இருக்கிறார்?

மேலே சொன்ன விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நகரத்தில் லாபம் என்றால் வீட்டில் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதானே? பெரும்பாலான வீடுகளில் அப்படி நடப்பதில்லை. மூத்தவன் திருப்பூரில், இளையவன் ஊரில், அப்பா இரண்டு மாட்டோடு, அம்மா காட்டு வேலையோடு என்றுதான் இருக்கும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழையை நம்பிய நிலத்தில் அனுபவப்பட்ட சம்சாரி ஒரே பயிரைப் போட மாட்டார். பருத்திக்கு நடுவே உளுந்து, ஓரத்தில் சோளம், கொஞ்சம் துவரை. பருத்திக்கு விலை வந்தால் அதை மட்டும் போட்டிருந்தால் இன்னும் லாபம் வந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும். மழை சரியில்லாமல் ஒன்று போனாலும் இன்னொன்று கஞ்சிக்கு உதவும் என்பதற்காகத்தான் கலந்து விதைக்கிறார். பிள்ளைகளையும் அந்தக் குடும்பம் அப்படித்தான் அனுப்புகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைவதற்கும் கரிசலில் மழை குறைவதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே வருஷத்தில் கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு. இப்படி வருமானத்தை வெவ்வேறு இடங்களில் வைத்து ஆபத்தைச் சமாளிப்பதற்கு இடர்ப் பங்கீடு என்று பெயர்.

1980களில் ஓடெட் ஸ்டார்க் முதலான அறிஞர்கள் சொன்னது இதைத்தான்: இடப்பெயர்வைத் தனி ஆளின் முடிவாகப் பார்க்காதீர்கள், குடும்பத்தின் ஏற்பாடாகப் பாருங்கள். பயிர்க் காப்பீடு ஒழுங்காகக் கைக்கு வராத இடத்தில், நகரத்தில் இருக்கும் மகன்தான் காப்பீடு. வங்கி கடன் தராத இடத்தில், அவன் அனுப்பும் பணம்தான் விதைக்கும் உரத்துக்கும் முதல். அதனால்தான் விவசாயத்தைக் கைவிட்டுப் போனதாக நாம் சொல்லும் அதே பையன் அனுப்பும் பணத்தில் ஊரில் போர் போடப்படுகிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, மார்க் ரோசன்ஸ்வைக் என்பவரும் ஸ்டார்க்கும் சேர்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியாவின் வறண்ட நிலக் கிராமங்களின் விவரங்களை வைத்து அவர்கள் கண்டது, வருமானம் ஏறி இறங்கும் விவசாயக் குடும்பங்கள் பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுக்க முனைகின்றன என்பது. நம்ம ஊரில் மழை இல்லாதபோது சம்பந்தி ஊரிலும் மழை இல்லாவிட்டால் யாரும் யாருக்கும் உதவ முடியாது. தூரத்தில் இருந்தால் முடியும். மகன் வேலைக்குப் போவதும் மகள் வாழ்க்கைப்பட்டுப் போவதும் அந்தக் குடும்பத்துக்கு ஒரே வகையான பாதுகாப்பைத் தருகின்றன. ஆனால் மகனிடம் போகிறாயா என்று கேட்ட அளவுக்காவது மகளிடம் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

## பரம ஏழை போக முடிகிறதா?

வறுமை மிகுந்த வீட்டிலிருந்துதான் அதிகம் பேர் போவார்கள் என்று தோன்றும். போவதற்கே காசு வேண்டும். பஸ் செலவு, அறைக்கு அட்வான்ஸ், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. அதைவிட முக்கியமாக, அங்கே தெரிந்த ஒரு முகம் வேண்டும்.

முன்னே போனவர் பின்னே வருபவருக்கு இடமும் வேலையும் பிடித்துத் தருவதால், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில், ஒரே தொழிலில் சேர்வதைச் சங்கிலி இடப்பெயர்வு என்கிறார்கள். சென்னையின் அண்ணாச்சிக் கடைகளைப் பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து கடை போடுவார். ஊரிலிருந்து சொந்தக்காரப் பையன் கடைக்கு வேலைக்கு வருவான். கடையிலேயே படுக்கை, கடையிலேயே சாப்பாடு. சில வருஷத்தில் சரக்குப் பிடிக்கும் இடமும் வாடிக்கையும் பழகி, அண்ணாச்சியின் ஒத்தாசையோடு இன்னொரு தெருவில் அவன் கடை போடுவான். பிறகு அவன் தன் ஆளைக் கூப்பிடுவான். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் பெங்களூருக்கும், திருவண்ணாமலை, விழுப்புரம் ஆட்கள் சென்னைக் கட்டட வேலைக்கும் போவதற்குத் தூரம் ஒரு காரணம் என்றால், அங்கே ஏற்கெனவே இருக்கும் மேஸ்திரி இன்னொரு காரணம்.

இந்தச் சங்கிலியில் கண்ணியாகச் சேர முடியாதவர்கள் வேறு வழியில் போகிறார்கள். கையில் காசில்லாதவருக்கு ஆள் பிடிப்பவர் முன்பணம் தருகிறார். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களின் கதை இது. வாங்கிய பணத்தைக் கழிக்கும்வரை அங்கிருந்து நகர முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. இருந்தும் திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளிலிருந்து, ஒடிசா குடும்பங்கள் உட்பட, ஆட்கள் மீட்கப்பட்ட செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. சூளையில் கல் அறுக்கக் கணவன், மனைவி, சில இடங்களில் பிள்ளையும் வேண்டும். முன்பணக் கணக்கு மட்டும் கணவன் பெயரில் எழுதப்படும்.

ஆக, ஒரே ஊரில் மூன்று வகை வீடுகள். தெரிந்தவர் துணையோடு போகிறவர்கள் ஒரு வகை. கடனுக்குப் பிணையாகப் போகிறவர்கள் இன்னொரு வகை. எந்த வழியும் இல்லாமல் இருக்கிற இடத்திலேயே இருப்பவர்கள் மூன்றாவது வகை. மூன்றாவது வகையைப் பார்த்து ஊர்ப் பற்றுள்ளவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

## படிவத்தில் "திருமணம்"

இப்போது பெண்களுக்கு வருவோம். 2020-21ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் 47.9 சதவீதம் பேர் இடம் பெயர்ந்தவர்கள். ஆண்களில் 10.7 சதவீதம்தான். பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குச் சொல்லப்பட்ட காரணம் திருமணம். இது புதுசும் இல்லை, இந்தியாவுக்கு மட்டும் உரியதும் இல்லை. 1885இல் பிரிட்டிஷ் கணக்கெடுப்புகளை வைத்து இடப்பெயர்வின் விதிகளை எழுதிய ரேவன்ஸ்டைன், குறைந்த தூரத்துக்குப் பெண்களே அதிகம் பெயர்கிறார்கள் என்று அப்போதே எழுதியிருக்கிறார்.

எண் சரிதான். அதை நாம் படிக்கும் விதம்தான் தவறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். எடுப்பவர் வாசலில் நின்று கேட்கிறார்: இந்த ஊருக்கு வந்ததற்கு என்ன காரணம்? வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்த பின் பெயர்ந்தது, குடும்பத்தோடு பெயர்ந்தது, மற்றவை. இதில் ஒன்றைத்தான் குறிக்கலாம். செங்கத்துப் பக்கத்துப் பெண் ஒருவர் சென்னையில் கொத்தனாராக இருப்பவரைக் கட்டிக்கொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வந்த மறுமாதமே சித்தாளாகச் சிமெண்டுச் சட்டி தூக்கப் போய்விட்டார். நகரத்தில் வேலை உண்டு, இருவரும் சம்பாதிக்கலாம் என்று பார்த்துத்தான் அவர் வீட்டில் அந்த மாப்பிள்ளைக்குச் சம்மதித்ததே. ஆனால் படிவத்தில் "திருமணம்". அவர் இப்போது வேலை செய்கிறாரா என்று தனியாக ஒரு கேள்வி உண்டு. ஏன் வந்தார் என்ற பத்தியில் வேலை வராது.

அந்தப் பெண்ணோடு கட்டடத்தில் நில்லுங்கள். அவருடைய கணவர் பதினெட்டு வயதில் கையாளாக வந்து, பூச்சுக் கரணையைப் பிடித்து, சுவர் பூசப் பழகி, கொத்தனார் ஆனவர். இனி மேஸ்திரியும் ஆகலாம். இவர் பத்து வருஷம் கலவை போட்டுக் கொடுத்தாலும் சித்தாள்தான். கரணையை யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. நகரம் ஆணுக்கு ஒரு ஏணியையும் பெண்ணுக்கு ஒரு படியையும் வைத்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குப் பெயரும் பெண்களும் உண்டு. தமிழ்நாட்டில் அவர்கள் தொகை பெரிது. 2019-20 தொழிற்சாலை ஆண்டாய்வின்படி இந்தியத் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள். இந்த வழியின் ஆரம்ப காலத்தில் ஒரு இருண்ட பக்கம் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷத்துக்கு எடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. விடுதியை விட்டு வெளியே போக முடியாது. இடையில் உடம்பு முடியாமல் நின்றால் மொத்தப் பணமும் போச்சு. அந்தப் பெண் நகரத்துக்குப் போனது உண்மை. நகரத்தைப் பார்த்தாளா என்பது சந்தேகம்.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மின்னணு ஆலைகளில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அங்கேயும் எல்லாம் சுகமில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடம்பு கெட்டபோது, அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்தார்கள். பிறகு அதே பக்கத்து வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள்.

இந்தப் பெண்களுக்குச் சம்பளத்தைத் தாண்டியும் காரணங்கள் உண்டு. கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போட வேலை ஒரு சாக்கு. சொந்த வங்கிக் கணக்கு, தம்பி படிப்புக்கு அனுப்பும் பணத்தால் வீட்டில் கிடைக்கும் சொல். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, இன்னொன்றும் சேர்கிறது. கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடமாக அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கண்டித்துப் பேசினார். எந்தத் தெரு என்று கேட்காமல் டீ கிடைக்கிற இடத்துக்குப் போக ஒருவர் ஆசைப்பட்டால், அதை டவுன் மோகம் என்று யார் சொல்ல முடியும்? நகரத்தில் சாதி ஒழிந்துவிடவில்லை. வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் முகம் பார்த்தவுடனே குலம் தெரிந்துவிடும் நிலை அங்கே இல்லை.

இந்தப் பகுதியில் பார்த்தது: பெண்ணின் பெயர்வுக்குக் கல்யாணம் மேல் உறை. உள்ளே வேலை, பாதுகாப்பு, கொஞ்சம் விடுதலை எல்லாம் கலந்திருக்கும். உறையை மட்டும் எண்ணிவிட்டு, பெண்கள் வேலைக்காகப் பெயர்வதில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

## போனவர்கள் போயேவிட்டார்களா?

பலர் போய்விடவில்லை. ஊருக்கும் நகரத்துக்கும் இடையே மாறி மாறி இருப்பது சுழல் இடப்பெயர்வு. பொங்கலுக்கு, திருவிழாவுக்கு, நடவுக்கு, ஓட்டுப் போட என்று திரும்புவார்கள். வீடு, ரேஷன் கார்டு, குலசாமி எல்லாம் ஊரில்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பியதன் காரணம் இங்கே இருக்கிறது. நகரம் கூலியை மட்டும் தந்திருந்தது. கூலி நின்ற அன்று, சும்மா உட்கார்ந்து சாப்பிடும் உரிமை உள்ள ஒரே இடம் ஊர்தான்.

ஆண் போய் வரும்போது ஊரில் நிலத்தைப் பார்ப்பது பெண். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்களாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெளிக்கூலி அதிகம் கிடைக்கும் இடத்துக்கு ஆண் போய்விட்டான், மாட்டையும் பிள்ளையையும் விட முடியாத பெண்ணுக்கு ஊருக்குள் கிடைத்த வேலை அது. உழுவதும் உரம் போடுவதும் அவர். பட்டா கணவர் பெயரில் இருப்பதால் கூட்டுறவுக் கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அவர் இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்.

## கணக்கில் வராத பஸ்

கடைசியாக ஒரு கூட்டம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை மாவட்டக் கிராமங்களுக்கு விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வருகிறது. பெண்கள் ஏறுகிறார்கள். வேலை முடிந்து அதே பஸ்ஸில் வீடு. வாடகை இல்லை, பிள்ளையைப் பார்க்க மாமியார் உண்டு. மேலே போட்ட கணக்கில் பெண்ணுக்குக் கட்டுப்படியாகாமல் போனதே அந்த 6,000 ரூபாய்ச் செலவு, அது இங்கே இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் ஆனதும் இதே கணக்கைத்தான் மாற்றியது. இவர்கள் இடம் பெயர்ந்தவர்கள் இல்லை. ஆனால் நகரத்து வேலையைப் பார்ப்பவர்கள். பஸ் நின்றுபோனால் ஒன்று பெயர வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். போக்குவரத்து எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்காமல் ஒரு ஊரில் இடப்பெயர்வு கூடியதா குறைந்ததா என்று பேசுவதில் பயனில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாக அறிவித்திருக்கிறார்கள். வாசலில் வந்து கேட்பவரிடம் வீட்டுப் பெண்களின் வேலையைப் பெரும்பாலும் ஆண்கள்தான் சொல்கிறார்கள், "வீட்ல சும்மாதான் இருக்கா" என்று. சித்தாள் வேலைக்குப் போகிறவர், பீஸ் ரேட்டுக்குப் பனியன் பிசிறு வெட்டுகிறவர், கணவர் ஊரில் இல்லாதபோது நிலத்தைப் பார்க்கிறவர் எல்லோரும் அந்தப் படிவத்தில் தொழிலாளர்களாகப் பதிவாக வேண்டியவர்கள். வருஷம் முழுக்க வேலை இல்லாமல் சில மாதங்கள் மட்டும் செய்தாலும் அதற்கும் அதில் இடம் உண்டு. கேள்விக்கு அந்தப் பெண்ணே பதில் சொல்லட்டும்.